பார்த்தாரா, கேட்டாரா

சுலோசனாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் வாழ்க்கையில் பாதி அட்டை எழுதுவதில் கழிந்தது, மீதிப் பாதி காத்திருப்பதில் கழிந்தது. இரண்டும் ஒரே ஒரு வாரம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அந்த வாரத்தில் எனக்கும் பங்குண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அரிகிருஷ்ணன். தொழில் டைப் அடிப்பது. பத்திரம் எழுதிப் பதிகிற பிரெஞ்சு அதிகாரியான ஒரு நொத்தேரிடம் அடித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் அவர் பெட்டி கட்டிக்கொண்டு பாரிசுக்குப் போய்விட்டார். நான் வேலை தேடித் தெருத்தெருவாக அலைந்து, மறு வருஷம் முசியே ரெனார் என்ற பிரெஞ்சுக்காரரிடம் வந்து சேர்ந்தேன். ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் காற்று நேராக வந்து தாள்களைப் பறக்கடிக்கிற ஒரு வீடு. புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஏரிகளையும் மதகுகளையும் பற்றி அவர் ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அட்டை எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. அடிக்க நான், எழுத சுலோசனா.

அட்டை என்றால் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கெட்டிக் காகிதம். புத்தகத்தில் ஒரு வரி வந்தால் அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு அட்டை இருக்க வேண்டும். அச்சடித்த புத்தகமானால் எழுதியவர் பெயர், கோடு போட்ட தலைப்பு, ஊர், வருஷம், பக்கம். சர்க்கார் கட்டிலிருந்து எடுத்த காகிதமானால் கட்டின் எண், தாளின் எண். கல்வெட்டானால் எந்த ஊர்க் கோயில், எந்தச் சுவர். கடிதமானால் யார் யாருக்கு, எங்கிருந்து, என்றைக்கு. இதெல்லாம் போகட்டும். வாய்ச்சொல்லுக்கும் ஒரு அட்டை உண்டு, அதுதான் எல்லாவற்றையும் விட நீளம். சொன்னவர் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, தொழில், ஊர், தேதி. கடைசியாக ஒரு கேள்வி: பார்த்தாரா, கேட்டாரா? கேட்டது என்றால் யாரிடம்?

முசியே ரெனாருக்குத் தமிழ் வரும். ஆனால் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து வைத்த தமிழ். "அம்மா, இவர் பார்த்தாரா, கேட்டாரா?" என்று அவர் ஒவ்வொரு அட்டையையும் தூக்கிப் பிடித்துக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சுலோசனாவுக்கு வராது. அவள் எழுந்து நின்று பதில் சொல்வாள்.

தவளக்குப்பம் பக்கத்து விவசாயி மண்ணாங்கட்டி ஒரு மதகின் பெயரைச் சொன்னார் என்பதற்காக அவருக்கு ஒரு அட்டை. அதே மதகைப் பற்றி எழுதிய பழைய கவர்னர் ஒருவருக்கும் ஒரு அட்டை. இரண்டும் ஒரே அளவு, ஒரே பெட்டி. "எம்பேரு பிரான்சுல அச்சாவுமா? அப்ப எங்க காளை பேரையும் போட்டுக்கம்மா, ஏரிக்கரையில வழி காட்டுனது அதான்" என்று மண்ணாங்கட்டி சொல்ல, சுலோசனா அதையும் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தாள். அவளுக்கு அப்படி ஒரு நேர்மை. பல நாள் எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு வருஷம் தப்பென்றால் நான் அடித்த முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வைப்பாள்.

அவள் மில் மேஸ்திரி ஒருவரின் மகள். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்து பிரெவே பரீட்சை தேறியவள். நாற்பத்தேழில் அரியாங்குப்பத்துக் கலியபெருமாளுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நிலம் நீச்சு உள்ள குடும்பம்தான், ஆனால் அவனுக்கு மண்ணில் கால் தரிக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து நாற்பத்தொன்பதில் இந்தோசீனா யுத்தத்துக்காகச் சைகோனுக்குக் கப்பல் ஏறினான். குழந்தை இல்லை. முதல் மூன்று வருஷம் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐம்பத்து மூன்று ஜனவரியில் ஒன்று வந்தது. அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான். அதோடு சரி.

பட்டாளத்து ஆபீசுக்கு எழுதிக் கேட்டதற்கு, இன்ன தேதியில் படையிலிருந்து விலகிவிட்டார், அதன் பிறகு விலாசம் தெரியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சாகவில்லை, அவ்வளவுதான் தெரிந்தது. அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருப்பான் என்று ஊரே நினைத்தது. நானும்தான் நினைத்தேன். அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தகப்பனாரும் போன பிறகு அவள் வைசியாள் வீதியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தாள். வீட்டுக்காரர்கள் பிரான்சுக்குப் போகும்போது முன்கட்டை எல்லாம் பூட்டி, சாவியை உறவுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் மனித நடமாட்டம் இருக்கட்டும் என்று இவளை மட்டும் இருக்கச் சொன்னார்கள். பதினோரு அறை, பத்துக்குப் பூட்டு. ஒருமுறை ஏதோ தாள் கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே அவள் காதுக்கு எட்டாது. பக்கவாட்டுச் சந்தில் போய் ஜன்னலைத் தட்ட வேண்டும். தட்டியதும் அவ்வளவு வேகமாக ஜன்னலைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் எப்படி மாறியது என்று நான் எழுதப்போவதில்லை.

மதியம் கிணற்றடியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் தனியாக நடப்பாள். என் மனைவி நல்ல நாள் பெரிய நாளில் சாப்பிடக் கூப்பிடுவாள். வருவாள், சீக்கிரம் எழுந்து போய்விடுவாள். எங்கள் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே கை கழுவ மறந்து உட்கார்ந்திருந்தாள் ஒரு பொங்கலன்று.

ஐம்பத்தெட்டில் ஒருநாள் காலை அவள் ஆபீசுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். எனக்கும் கொடுத்தாள், முசியேவுக்கும் கொடுத்தாள். என்ன விசேஷம் என்றேன். பூக்காரி குஞ்சம்மாள் சொன்னாளாம்: கலியபெருமாள் பிரான்சில் மர்சேய் துறைமுகத்தில் வேலை பார்க்கிறானாம், நன்றாக இருக்கிறானாம். சுலோசனா பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஏன் அப்படிச் சிரித்தாள் என்பது நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மறு வருஷம் பென்ஷன்காரர் நாராயணசாமியும் அதையே சொன்னார். பழைய பட்டாளத்துக்காரர், பெரிய யுத்தத்தின்போது மர்சேய் வழியாகப் போய் வந்தவர். கலியபெருமாளுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை, ஆள் சதை போட்டிருக்கிறான் என்றார். பட்டாளத்துக்காரர் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டல்லவா.

மூன்றாவது ஆள் நான். அறுபதில் சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது காதில் விழுந்ததை மறுநாள் அவளிடம் சொன்னேன். "ஒன் வூட்டுக்காரர ஒருத்தரு மர்சேய்ல பார்த்தாராம்மா. மாதா கோயிலாண்ட ஒரு ரூம்ல இருக்காராம். தானே சமைச்சுச் சாப்புடுறாராம்." அவள் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "தானே சமைக்கிறாரா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மதியம் அவள் கிணற்றடியில் ஏதோ பாட்டு முணுமுணுத்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு எந்தக் கடையில் நின்றாலும் "கையெழுத்துப் போட்டியா, இல்லையா?" என்பதுதான் பேச்சு. சுலோசனா படிவத்தை வாங்கி வந்து மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். மர்சேய்க்குப் போவதானால் கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் எதற்கு?

டிசம்பரில் முசியே ரெனார் பிரான்சுக்குப் புறப்படுவதாக இருந்தார். சனிக்கிழமை ரயிலேறி, பம்பாய் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை சுலோசனா அவர் முன்னால் போய் நின்றாள். ஏழு வருஷத்தில் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை.

"முசியே, கப்பல் மர்சேயில்தானே நிற்கும்? என் கணவரை விசாரிக்க முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கண்டிப்பாக விசாரிக்கிறேன் அம்மா. அவரைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள்."

வேறு எப்படி எழுதுவாள்? அட்டைதான். நான்கு அட்டை எழுதினாள். எல்லாவற்றின் தலையிலும் கலியபெருமாள் என்று பெயர். வாயால் அந்தப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். முதல் அட்டை, கடைசிக் கடிதம்: சைகோன், ஜனவரி 1953, நேரில் பார்த்தது. மற்ற மூன்றும் வாய்ச்சொல். குஞ்சம்மாள், நாராயணசாமி, அரிகிருஷ்ணன்.

முசியே நான்கையும் இரண்டு தடவை படித்தார். மனுஷர் இரக்கமில்லாதவர் அல்ல, ஆனால் பழக்கம் விடவில்லை. "மூன்று பேர் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் கடைசிக் கேள்விக்கு மூன்றிலும் பதில் இல்லையே. இவர்கள் பார்த்தார்களா, கேட்டார்களா? பார்த்த மனிதர் கிடைத்தால் விலாசமே கிடைத்துவிடும்."

சுலோசனாவின் முகம் சிவந்துவிட்டது. மண்ணாங்கட்டியின் காளையைக்கூட விடாமல் எழுதியவள், தன் விஷயத்தில் அந்த வரியைக் காலியாக விட்டிருந்தாள். நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட யாரு சொன்னது?"

"நாராயணசாமிதாம்மா. சலூன்ல பேசிக்கிட்டிருந்தாரு."

"ஒருத்தரு பார்த்தாருன்னு சொன்னீங்களே?"

"அவரு பார்த்திருப்பாருன்னு நெனச்சேன்."

"சமைச்சுச் சாப்புடுறாருன்னு அவரு சொன்னாரா?"

இல்லை. அதை நான்தான் சேர்த்தேன். மாதா கோயிலும் நான் கட்டியதுதான். அவன் அங்கே ஒண்டியாக இருக்கிறான், வேறு பெண் யாரும் இல்லை என்று அவள் நம்பினால் நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. என் பெயர் இருந்த அட்டையில் "கேட்டது, நாராயணசாமியிடம்" என்று எழுதினாள்.

மறுநாள் மாலை, சங்கு ஊதி மில் ஆட்கள் சைக்கிளில் கலைந்து போகிற நேரத்தில், இரண்டு பேருமாக நாராயணசாமி வீட்டுக்குப் போனோம். அவர் பிரெஞ்சுப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டதும், "நான் எங்கம்மா பார்த்தேன்? நான் அங்கேர்ந்து வந்து பதினாறு வருசமாச்சு. பூக்கார குஞ்சம்மா சொல்லுச்சு" என்றார்.

"கிரேன் ஓட்டுறாருன்னீங்களே?"

"தொறமுகத்துல வேலன்னா வேற என்னா வேல இருக்கும்? கிரேன்தான்."

"சதை போட்டிருக்காருன்னு…"

"அந்த ஊரு ரொட்டியும் வெண்ணெயும் தின்னா யாருதான் சதை போட மாட்டான்!" என்று அவர் சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். சுலோசனாவும் கூடவே கொஞ்சம் சிரித்தாள். அவர் அட்டையிலும் அந்த வரி நிரம்பியது.

அங்கிருந்து நேரே போனபோது குஞ்சம்மாள் கோயில் வாசலில் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவள் கை நிற்கக்கூட இல்லை. "இதென்னாம்மா கேள்வி? ஒன் மாமியாதான் சொல்லுச்சு. அரியாங்குப்பத்துலேர்ந்து எனக்குப் பூ எடுத்தாரதே அதுதான. எம்மவன் மர்சேய்ல இருக்கான், தொறமுகத்துல வேலன்னு வாய் நெறயச் சொல்லிச்சு. பெத்தவ சொன்னா பொய்யா இருக்குமா?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெற்ற தாய்க்கே செய்தி வந்திருக்கிறது என்றால் விஷயம் கெட்டியானதுதானே! "அப்ப நாளைக்கு அரியாங்குப்பம் போயிட்டு வந்துடலாம்மா" என்றேன். திரும்பிப் பார்த்தால் சுலோசனா கோயில் சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். வெயில் தாங்கவில்லை என்று நினைத்தேன். வெயில் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

"நான் மட்டும் போயிட்டு வரேண்ணே" என்றாள்.

புதன்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. வியாழன் காலை எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவதாக ஒரு அட்டையை என் முன்னால் வைத்து, "இத பிரெஞ்சுல அடிச்சுக் குடுங்க, முசியேவுக்கு" என்றாள். தமிழில் எழுதியிருந்தது இதுதான்:

"சொன்னவர்: சுலோசனா. கணவர்: கலியபெருமாள். வயது: அப்போது முப்பத்திரண்டு. தொழில்: அட்டை எழுதுவது. சொன்ன இடம்: அரியாங்குப்பம், மாமியார் ஆயம்மாவின் வீடு. காலம்: 1956, ஐப்பசி. பார்த்தாரா, கேட்டாரா: இரண்டும் இல்லை."

நான் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தைக்கு அப்ப காய்ச்சல்ணே. பத்து நாளா கஞ்சி எறங்கல. எம்புள்ள எங்க, எம்புள்ள எங்கன்னு ஒரே பொலம்பல். எனக்குத் தாங்கல. அந்தப் பழைய சைகோன் கடுதாசியக் கையில எடுத்தேன். புதுசா வந்திருக்கு அத்தைன்னு சொன்னேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாதே. அதுல இல்லாததெல்லாம் படிச்சேன். மர்சேய்க்கு வந்துட்டேன், தொறமுகத்துல வேல, நல்லா இருக்கேன், அம்மாவ கஞ்சி குடிக்கச் சொல்லு. அப்படின்னு படிச்சேன். குடிச்சாங்க."

"அப்ப குஞ்சம்மா சொன்னப்பவே ஒனக்குத் தெரியாதாம்மா?"

"அத்தைக்கு அவளத் தெரியும்னே எனக்குத் தெரியாதுண்ணே. ரெண்டு வருசம் கழிச்சு, சம்பந்தமில்லாத ஒருத்தி வந்து மர்சேய், தொறமுகம்னு அதே பேரச் சொல்லுறா. நான் என்னான்னு நெனப்பேன்? தாயே, நான் வாய்க்கு வந்தபடி சொன்ன பொய்ய நெசமாக்கிட்டியேன்னு நெனச்சேண்ணே. அன்னிக்குத்தான் பொங்கல் வச்சேன். அப்பறம் நாராயணசாமி ஐயா, அப்பறம் நீங்க. கிரேன்னு ஒருத்தரு, ரூமுன்னு ஒருத்தரு, ஆளுக்கு ஒண்ணு சொல்லவும் எனக்குச் சந்தேகமே இல்லாமப் போச்சு."

நேற்று அரியாங்குப்பத்தில் கேட்டதற்கு ஆயம்மா கைகொட்டிச் சிரித்தாளாம். "நீதானடி கடுதாசி படிச்ச, எங்கிட்டயே வந்து கேக்குற! ஏன், மறுபடி வந்திருக்கா?" என்று ஆசையாகக் கேட்டாளாம். இவள் "இல்லை அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

எத்தனையோ தாள் அடித்திருக்கிறேன். அந்த அட்டையை அடிக்க என் விரல் ஓடவில்லை. "வேணாம்மா, வேற மாதிரி சொல்லிக்கலாம்" என்றேன். "அடிங்கண்ணே" என்றாள். அடித்தேன். எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருந்தது. அவள் சொன்ன பொய்யாவது ஒரு கிழவிக்குக் கஞ்சி புகட்டியது. நான் சேர்த்த பொய் யாருக்கு என்ன செய்தது?

முசியே அதைப் படித்தார். வழக்கமான கேள்வி எதையும் கேட்கவில்லை. சைகோன் கடிதத்தின் அட்டையை மட்டும் எடுத்துத் தன் பையில் வைத்தார். "மர்சேயில் தேட ஒன்றும் இல்லை அம்மா. சைகோனில் எனக்கு ஒரு சினேகிதர் இருக்கிறார், அவருக்கு எழுதுகிறேன்" என்றார். சைகோனில் தேடினால் என்ன கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை அவர் ரயிலேறினார்.

திங்கட்கிழமை வீடு வெறிச்சென்று இருந்தது. நாங்கள் இரண்டு பேர்தான். சுலோசனா இழுப்பறையிலிருந்து அந்தக் குடியுரிமைப் படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமல், பழைய தாள்களோடு கட்டி வைத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. செய்த பாவத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

"சைகோன்லேர்ந்து வந்தவங்க எத்தனையோ பேரு இருக்காங்கம்மா. முத்தியால்பேட்டையில ரெண்டு பேரு, உப்பளத்துல ஒருத்தரு. நான் போயி விசாரிக்கிறேன். இந்தத் தடவ பார்த்தாங்களான்னு கேட்டே எழுதிட்டு வரேன்."

அவள் எங்கள் மூன்று பேரின் வாய்ச்சொல் அட்டைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஓரம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாண்ணே. அவரு இல்லாட்டிப் போவுது. அவரப் பத்திப் பேச இந்த ஊருல மூணு பேராவது இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "நான் ஒருத்திதான் பேசிக்கிட்டிருந்திருக்கேன்."